கறுப்பினக் கல்லூரி மாணவருக்கு எந்த நேரத்துப் பணம் உதவும்?

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கும் நண்பர்கள் சிலர் சேர்ந்து, கறுப்பினத்தவருக்கென்று தொடங்கப்பட்ட கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் ஒரு தொகை கொடுக்க நினைக்கிறார்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளைக்குக் கொடுப்பதா, பணமில்லாத பிள்ளைக்குக் கொடுப்பதா? அரசாங்கம்தான் ஏழைப் பிள்ளைகளுக்குப் பெல் கிராண்ட் என்ற மானியம் கொடுக்கிறதே, கோடீஸ்வரர்களும் கொட்டிக் கொடுக்கிறார்களே, நம்முடைய பத்தாயிரம் இருபதாயிரம் டாலர் எந்த மூலைக்கு?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணமில்லாத பிள்ளைக்குக் கொடுங்கள். அதிலும் புதிதாகச் சேர வருகிறவரைவிட, இரண்டு மூன்று வருஷம் படித்துவிட்டுப் பாக்கி கட்ட வழியில்லாமல் நிற்கிறவருக்குக் கொடுங்கள். உங்கள் சின்னத் தொகைக்கு அங்கேதான் மதிப்பு அதிகம்.

இந்தக் கல்லூரிகளைப் பற்றித் தெரியாதவர்களுக்காக ஒரு நாலு வரி. எச்.பி.சி.யு. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 1964க்கு முன்பே, கறுப்பினத்தவரின் படிப்பை முக்கிய நோக்கமாக வைத்துத் தொடங்கப்பட்டவை என்று 1965ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம் வரையறுத்திருக்கிறது. பென்சில்வேனியாவில் செய்னி 1837லேயே தொடங்கியது. ஹவர்ட், மோர்ஹவுஸ் இரண்டும் உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு 1867இல் வந்தவை. இன்றைக்கு நூறு கல்லூரிகள் அளவில் இருக்கின்றன, பெரும்பாலும் தென் மாநிலங்களில். எந்த இனத்தவரும் சேரலாம். நம்மவர்களுக்கு ஹவர்ட் என்றதும் சென்னை சியாமளாவின் மகள் கமலா ஹாரிஸ் 1986இல் அங்கே பட்டம் வாங்கியது ஞாபகம் வரும். அமெரிக்கக் கல்லூரிகளில் நூற்றுக்கு மூன்றுதான் இவை, ஆனால் கறுப்பின மாணவர்களில் பத்தில் ஒருவர் இங்கே படிக்கிறார். படிக்கிறவர்களில் பாதிக்கு மேல், பல கல்லூரிகளில் முக்கால்வாசிப் பேர், பெல் கிராண்ட் வாங்கும் அளவுக்கு வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகள். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

சரி, பெல் கிராண்ட். திருப்பிக் கட்ட வேண்டாத பணம். 1972இல் வேறு பெயரில் தொடங்கி, 1980இல் ரோட் ஐலண்ட் செனட்டர் கிளைபோர்ன் பெல் பெயரைச் சூட்டினார்கள். 2025-26 கல்வியாண்டில் ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய அதிகபட்சம் 7,395 டாலர். எழுபதுகளில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் தங்கிப் படிக்க ஆகும் செலவில் முக்கால் பங்கை இது தாங்கியது. இப்போது மூன்றில் ஒரு பங்கு தேறினாலே பெரிசு. கிராண்ட் ஏறாமல் இல்லை, ஆனால் ஃபீஸ் ஏறிய வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை.

ஒரு பிள்ளையின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இது உதாரணத்துக்காக நான் வைத்துக்கொள்ளும் கணக்கு, ஆனால் ஆகஸ்ட் மாதம் எந்த நிதி உதவி அலுவலகத்துக்குப் போனாலும் இதே ஜாடையில் ஒரு தாளைக் கையில் பிடித்தபடி யாராவது உட்கார்ந்திருப்பார்கள். வெளிமாநிலத்திலிருந்து ஒரு மாநிலக் கறுப்பினக் கல்லூரிக்கு வந்த பெண். ஃபீஸ், அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்துக் கல்லூரி பில் 24,000 டாலர். மத்திய அரசு உதவிக்கு விண்ணப்பிக்கும் ஃபாஃப்சா என்கிற படிவத்தை நிரப்பியாயிற்று, குடும்ப வருமானம் மிகக் குறைவு என்று அதுவே சொல்லிவிட்டது. ஆகவே பெல் முழுசாக 7,395. ஏழைகளிலும் ஏழைகளுக்கென்று கல்லூரி வழியாகத் தரப்படும் இன்னொரு மத்திய அரசு மானியம் உண்டு, 4,000 வரை தரலாம் என்று விதி. ஆனால் கல்லூரிக்கு ஒதுக்கப்படும் மொத்தப் பணமே கொஞ்சம், கேட்பவர்கள் நிறைய, அதனால் 1,000 கிடைத்தது. மாணவர் பெயரிலேயே வரும் அரசுக் கடன் முதல் வருஷத்துக்கு அதிகபட்சம் 5,500. மூன்றும் சேர்த்து 13,895. மிச்சம் 10,105 டாலர் துண்டு விழுகிறது. அந்தத் தாளில் ஒர்க் ஸ்டடி 2,500 என்றும் ஒரு வரி இருக்கும், அதைப் பார்த்து அம்மா நிம்மதிப் பெருமூச்சு விடுவார். அது கல்லூரியிலேயே நூலகத்திலோ அலுவலகத்திலோ வேலை பார்த்தால் மணிக்கணக்கில் வருகிற கூலி. வேலை கிடைத்து, பார்த்து, சம்பளமாகத்தான் கைக்கு வரும், ஆகஸ்ட் பில்லில் ஒரு சென்ட் கழியாது. இதற்கப்புறம் புத்தகம், லேப்டாப், ஊருக்குப் போய்வர டிக்கெட்.

சொந்த மாநிலத்துப் பிள்ளையாக இருந்தால் கதை இவ்வளவு மோசமில்லை. வட கரோலினாவில் என்.சி. பிராமிஸ் என்று ஒரு திட்டம், 2018இலிருந்து எலிசபெத் சிட்டி ஸ்டேட்டில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணம் செமஸ்டருக்கு 500 டாலர்தான். 2022இல் ஃபயெட்வில் ஸ்டேட்டையும் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டும் கறுப்பினக் கல்லூரிகள். யாரும் எந்தக் கட்டுரையும் எழுத வேண்டாம், சிபாரிசுக் கடிதம் வேண்டாம், விலையையே குறைத்துவிட்டார்கள். எனக்குக் கேட்டால் எந்த ஸ்காலர்ஷிப்பையும்விட இதுதான் உருப்படியான வேலை, ஆனால் அது மாநிலச் சட்டமன்றம் செய்கிற வேலை, நாலு நண்பர்கள் சேர்ந்து செய்ய முடியாது.

அந்த 10,105 டாலருக்கு வருவோம். பெரும்பாலான வீடுகளில் இதற்கு ஒரே வழிதான்: பேரண்ட் ப்ளஸ். பிள்ளைக்காகப் பெற்றோர் தங்கள் பெயரில் வாங்கும் மத்திய அரசுக் கடன். 2025-26இல் வட்டி 8.94 சதவீதம், வாங்கும்போதே நான்கு சதவீதத்துக்கு மேல் கட்டணமாகப் பிடித்துக்கொள்வார்கள். பெற்றோரால் திருப்பிக் கட்ட முடியுமா, சம்பளம் எவ்வளவு என்றெல்லாம் பார்ப்பதில்லை, பழைய கடனில் பெரிய கோளாறு இல்லாமல் இருந்தால் போதும்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, பலருக்கும் பிடிபடாதது. ஃபாஃப்சா படிவம் முக்கியமாகப் பார்ப்பது வருமானத்தை. குடியிருக்கும் சொந்த வீட்டின் மதிப்பை அது கணக்கிலேயே எடுப்பதில்லை. கேட்டால் நல்ல விதி மாதிரித்தான் தோன்றும், வீட்டை விற்றா படிக்க வைப்பது என்று. ஆனால் ஒரே சம்பளம் வாங்கும் இரண்டு குடும்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்குத் தாத்தா காலத்து வீடு இருக்கிறது, அவசரத்துக்கு அதன் மேல் குறைந்த வட்டிக்குக் கடன் வாங்கலாம். இன்னொன்று மூன்று தலைமுறையாக வாடகை வீடு, ஏனென்றால் கறுப்பினத்தவர் வாழும் பகுதி என்று தாத்தாவுக்கு வங்கி வீட்டுக்கடனே கொடுக்கவில்லை. படிவத்தின் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கறுப்பினக் கல்லூரிகளுக்கு வருகிற நடுத்தரக் குடும்பங்களில் இரண்டாவது ரகம் ரொம்ப அதிகம். வருமானம் கொஞ்சம் கூடுதலாக இருப்பதால் பெல் கிடைக்காது, கையிருப்பு இல்லாததால் கட்டவும் முடியாது, நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள்.

இந்தக் கடன் எவ்வளவு முக்கியம் என்பது 2011இல் தெரிந்தது. கல்வித்துறை சத்தமில்லாமல் பேரண்ட் ப்ளஸ் கடனுக்கான விதியை இறுக்கியது. ஐந்து வருஷம் வரை பின்னோக்கிப் போய்ப் பழைய வாராக் கடன்களைத் தோண்டத் தொடங்கினார்கள். 2008 சரிவில் அடிபட்ட வீடுகள் எல்லாம் அதில் சிக்கின. அடுத்த கல்வியாண்டில் கறுப்பினக் கல்லூரிகளில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் பெற்றோருக்குக் கடன் மறுக்கப்பட்டது, பல கல்லூரிகளில் சேர்க்கை சரிந்தது, வருமானம் குறைந்து திண்டாடின. 2013இல் கல்விச் செயலர் ஆர்ன் டங்கன் இந்தக் கல்லூரித் தலைவர்கள் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டார், விதியும் பிறகு தளர்த்தப்பட்டது. இந்தக் கடனை நிறுத்தினால் பிள்ளை வீட்டுக்குப் போகிறது, கொடுத்தால் அறுபது வயது அம்மா கடனோடு ஓய்வு பெறுகிறார். இரண்டில் எது மேல் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை, தேவை அறிந்து கொடுக்கும் இலவசப் பணம் ஒன்றுதான் இரண்டையும் தவிர்க்கும்.

2019 மே மாதம் மோர்ஹவுஸ் பட்டமளிப்பு விழாவில் ராபர்ட் ஸ்மித் என்ற முதலீட்டாளர் மேடையிலேயே அந்த ஆண்டு பட்டம் வாங்கும் எல்லோருடைய கடனையும் கட்டுவதாகச் சொன்னது உலகம் முழுக்கச் செய்தியானது. கடைசியில் கட்டியது 34 மில்லியன் டாலர், சுமார் 400 பேருக்கு, பெற்றோர் பெயரில் இருந்த கடனும் சேர்த்து. வகுத்துப் பாருங்கள், தலைக்கு எண்பத்தையாயிரம் அளவில் வருகிறது. எல்லோரும் ஸ்மித்தின் தாராளத்தைப் பேசினார்கள். எனக்கென்னவோ அந்த எண்பத்தையாயிரம்தான் அன்றைய பெரிய செய்தியாகப் பட்டது. அடுத்த வருஷப் பிள்ளைகளுக்கு அப்படி யாரும் மேடையேறவில்லை என்பதும்.

கல்லூரியே ஏன் இந்தத் துண்டை நிரப்பக் கூடாது? ஹார்வர்ட் மாதிரி இடங்கள் நிரப்புகின்றன. அவர்களிடம் அறக்கொடை நிதியாக ஐம்பது பில்லியன் டாலருக்கு மேல் இருக்கிறது. நாட்டிலுள்ள எல்லாக் கறுப்பினக் கல்லூரிகளின் நிதியையும் ஒன்றாகக் கூட்டினாலும் அதன் பக்கத்தில்கூட வராது. மாநிலக் கல்லூரிகளுக்கு மாநிலம் கொடுக்க வேண்டியதையே ஒழுங்காகக் கொடுத்ததில்லை. வேளாண், தொழிற்கல்விக்கு மத்திய அரசு உதவி தந்த 1890 மோரில் சட்டத்தின் கீழ் வந்த கறுப்பினக் கல்லூரிகளுக்கு, அதே மாநிலத்திலுள்ள பழைய வெள்ளையர் பல்கலைக்கழகத்தோடு ஒப்பிட்டால் முப்பது வருஷத்தில் 12 பில்லியனுக்கு மேல் குறைத்துக் கொடுத்திருக்கிறீர்கள் என்று 2023இல் மத்திய கல்விச் செயலரும் வேளாண் செயலரும் 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். டென்னசி ஸ்டேட்டுக்கு மட்டும் 2.1 பில்லியன். இப்படிப்பட்ட கல்லூரி கையிலிருந்து அள்ளிக் கொடுக்கப் போனால் என்ன ஆகும் என்பதற்கும் அதே டென்னசி ஸ்டேட் உதாரணம்: 2022இல் சேர்க்கையைக் கூட்டி உதவித்தொகைகளை ஏகத்துக்கு வழங்கினார்கள், பிள்ளைகளைத் தங்கவைக்க இடமில்லாமல் ஹோட்டலில் அறை எடுத்தார்கள், 2024இல் சம்பளம் போட மாநிலத்திடம் முன்கூட்டியே பணம் கேட்கும் நிலை.

பெரிய நன்கொடைகளும் வருகின்றன, இல்லை என்று சொல்லவில்லை. அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸின் முன்னாள் மனைவி மெக்கன்ஸி ஸ்காட் 2020இலிருந்து பல கல்லூரிகளுக்கு நிபந்தனையே இல்லாமல் கொடுத்தார், ப்ரேரி வியூவுக்கு 50 மில்லியன், ஹவர்டுக்கு 40 மில்லியன் என்று. அட்லாண்டாவிலுள்ள பெண்கள் கல்லூரியான ஸ்பெல்மனுக்கு 2024 ஜனவரியில் 100 மில்லியன் வந்தது, அதில் 75 மில்லியன் உதவித்தொகைக்கு. கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் அறக்கொடை என்றால் முதலைத் தொடக் கூடாது, வருஷத்துக்கு நான்கரை சதவீதம் அளவில்தான் எடுப்பார்கள். 75 மில்லியனில் அது மூன்றேகால் மில்லியன் சொச்சம். ஒரு மாணவியின் ஆண்டுச் செலவு ஐம்பதாயிரத்தை ஒட்டி என்று வைத்தால், முழுச் செலவையும் ஏற்பதானால் எழுபது பேருக்கு வராது. ஸ்பெல்மனில் படிப்பவர்கள் இரண்டாயிரத்துக்கு மேல். இத்தனைக்கும் அது இந்தக் கூட்டத்திலேயே வசதியான கல்லூரி.

அப்படியானால் உங்கள் பத்தாயிரம் எதற்கு ஆகும் என்று கேட்பீர்கள். 2021இல் கொரோனா நிவாரணப் பணம் வந்தபோது பல கல்லூரிகள் அதை எடுத்து மாணவர்கள் கல்லூரிக்கு வைத்திருந்த பாக்கியை அடைத்தன. தென் கரோலினா ஸ்டேட் 2,500க்கு மேற்பட்ட மாணவர்களின் பாக்கி 9.8 மில்லியனைத் தள்ளுபடி செய்தது. டெலவேர் ஸ்டேட் இருநூற்றுச் சொச்சம் பட்டதாரிகளுக்கு ஏழு லட்சத்துச் சொச்சம் டாலர். தலைக்கு எவ்வளவு? முதலாவதில் நாலாயிரத்துக்குள், இரண்டாவதில் மூவாயிரத்தைத் தாண்டிக் கொஞ்சம். அவ்வளவுதான். பெல்லும் கடனும் பேரண்ட் ப்ளஸ்ஸும் எல்லாம் வாங்கித் தீர்த்தபின் கடைசியில் அடைபடாமல் நின்றது இந்த மூவாயிரம் நாலாயிரம். இதற்காகத்தான் அடுத்த செமஸ்டருக்குப் பதிவு செய்ய விடாமல் கணக்கில் ஹோல்டு போடுவார்கள், அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். வீட்டுக்குப் போய் ஒரு செமஸ்டர் வேலை பார்த்துக் கட்டிவிட்டு வருகிறேன் என்று கிளம்புகிற பிள்ளைகளில் திரும்பி வராதவர்கள் நிறைய. கடன் மட்டும் கூடவே போகும், பட்டம் இல்லாமல்.

இதில் ஒரு விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு கல்வியாண்டுக்கான மத்திய அரசு உதவியை முந்தைய ஆண்டின் பாக்கிக்குக் கட்ட முடியாது, 200 டாலர் வரைதான் அனுமதி. ஆக, போன வருஷத்துப் பாக்கி 2,800 என்றால், இந்த வருஷம் பெல் முழுசாகத் தயாராக இருந்தும் அதைத் தொட முடியாது. பாக்கி தீரவில்லை என்பதால் பதிவு செய்ய முடியாது, பதிவு செய்யாததால் இந்த வருஷத்துப் பெல்லும் வராது. 2,800 டாலர் வெளியிலிருந்து வந்தால் அதன் பின்னால் 7,395 தானாக வருகிறது. உங்கள் பணம் எங்கே அதிகம் வேலை செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இந்த யோசனை புதிதும் இல்லை. டாம் ஜாய்னர் என்ற வானொலிக்காரர் 1998இல் தன் பெயரில் அறக்கட்டளை தொடங்கியதே, பணம் தீர்ந்துபோய்க் கறுப்பினக் கல்லூரிகளில் பாதியில் நிற்கிற பிள்ளைகளைப் படிப்பில் நிறுத்திவைக்கத்தான். அதற்கும் முன்னால் டஸ்கிகீ என்ற கறுப்பினக் கல்லூரியின் தலைவர் ஃபிரெடெரிக் பேட்டர்சன், ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாகத் தட்டேந்துவதற்குப் பதில் சேர்ந்தே கேட்போம் என்று 1943இல் ஒரு கறுப்பினப் பத்திரிகையில் எழுதி, 1944இல் 27 தனியார் கல்லூரிகளைச் சேர்த்து யு.என்.சி.எஃப். என்ற நிதியத்தைத் தொடங்கினார். மாநிலக் கல்லூரிகளுக்கென்று தர்குட் மார்ஷல் கல்லூரி நிதியம் 1987இல் வந்தது. இரண்டும் மற்றவர்கள் கொடுக்கும் பணத்துக்கு விண்ணப்பம் வாங்கி, சரிபார்த்து, கல்லூரிக்கு அனுப்பும் வேலையையும் செய்கின்றன. நீங்கள் தனியாக ஒரு அமைப்பைப் பதிவு செய்து அலைய வேண்டாம். இவர்கள் மூலமோ நேரடியாகக் கல்லூரியின் அறக்கட்டளை மூலமோ கொடுக்கலாம். சின்னத் தொகை என்றால் நேரடியாகக் கல்லூரிக்குக் கொடுப்பதே எனக்குப் பிடித்த வழி. எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பாக்கி என்பது அங்கிருக்கும் நிதி உதவி அலுவலருக்குத் தெரியும், விண்ணப்பமே தேவைப்படாது.

மார்க்குக்குக் கொடுப்பது தப்பா என்றால், தப்பில்லை. நாலுக்கு 3.8 மதிப்பெண் சராசரி வைத்திருக்கும் பிள்ளையை இழுக்க ஏற்கெனவே நாலு கல்லூரிகள் போட்டி போடும், உங்கள் இரண்டாயிரம் அதன் முடிவை மாற்றாது. 2.6 வாங்கிக்கொண்டு இரவு ஷிஃப்ட் வேலையும் பார்க்கும் மூன்றாம் வருஷப் பிள்ளையைத் தேடி யாரும் வருவதில்லை.

இங்கே படிக்க நினைக்கும் இந்திய மாணவர்கள் இதைப் படித்தால்: மாணவர் விசாவில் வருகிறவர்களுக்குப் பெல், மத்திய அரசுக் கடன் எதுவும் கிடையாது, மேலே சொன்ன நிதியங்களின் உதவியும் பெரும்பாலும் குடிமக்களுக்கும் நிரந்தரமாகத் தங்க அனுமதி (கிரீன் கார்டு) பெற்றவர்களுக்கும்தான். கல்லூரி தானே தரும் மெரிட் ஸ்காலர்ஷிப்பைத்தான் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இந்த வேலைக்கு அவசரமும் கூடியிருக்கிறது. 2025இல் நிறைவேறிய சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகப் பேரண்ட் ப்ளஸ் வாங்குகிறவர்களுக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தமாக 65,000 டாலர் என்று உச்சவரம்பு. பெற்றோர் தலையில் கடன் ஏறுவது குறையும், அது நல்லதுதான். ஆனால் ஆண்டுக்கு 20,000 வாங்கினால் மூன்று வருஷத்தில் 60,000 போய்விடும், மிஞ்சும் 5,000ஐ வைத்து நாலாம் வருஷத்துக்கு என்ன செய்வார்கள்? விலை உயர்ந்த தனியார் கல்லூரிகளில் கடைசி வருஷத்தில் துண்டு விழும் பிள்ளைகள் கூடுவார்கள் என்றே நினைக்கிறேன்.

கல்லூரியோடு ஒப்பந்தம் எழுதும்போது நான்கு விஷயத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று, பணத்தை முந்தைய ஆண்டுப் பாக்கிக்கும் கட்டலாம் என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள்; எழுதாவிட்டால் அலுவலகத்தில் நடப்பு ஆண்டுக்குத்தான் போடுவார்கள். இரண்டு, வெளியிலிருந்து பணம் வந்தது என்பதற்காகக் கல்லூரி தான் கொடுத்த மானியத்தைக் குறைக்கக் கூடாது, குறைப்பதானால் கடனைக் குறைக்கட்டும். இப்படி ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுப்பதை மேரிலாந்து மாநிலம் 2017இல் தன் பொதுக் கல்லூரிகளுக்குச் சட்டம் போட்டே தடுத்திருக்கிறது, மற்ற இடங்களில் நீங்கள்தான் கேட்க வேண்டும். மூன்று, மதிப்பெண் நிபந்தனை 2.0 போதும், மத்திய அரசு உதவி தொடரவே அநேகமாக அவ்வளவுதான் கேட்கிறார்கள். நான்கு, பணத்தை டிசம்பர் முதல் வாரத்துக்குள் கல்லூரிக்கு அனுப்பிவிடுங்கள், ஏனென்றால் வசந்த செமஸ்டருக்கான ஹோல்டுகள் அப்போதுதான் போடப்படும், ஜனவரி கடைசியில் வந்து சேரும் செக்கால் அறையைக் காலி செய்துவிட்டுப் போன பிள்ளைக்கு ஒரு பயனும் இல்லை.